கருத்தடைக்குக் காப்பீடு உண்டா?

மருத்துவக் காப்பீடு எடுக்க விரும்பும் இளம் தம்பதியர் பிரசவச் செலவைப் பற்றிக் கேட்கத் தயங்குவதில்லை. அறை வாடகை எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்று வரிசையாகக் கேட்பர். அடுத்த குழந்தையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதற்கோ, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கோ ஆகும் செலவைப் பாலிசி தருமா என்ற கேள்வி மட்டும் எளிதில் நாவில் எழுவதில்லை. கூச்சம் ஒரு காரணம். “இதற்கெல்லாம் அரசு மருத்துவமனை இருக்கிறதே” என்ற எண்ணம் மற்றொரு காரணம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மருத்துவமனைப் படிவங்கள் தெலுங்கிலும், பாலிசிப் பத்திரம் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது பல வீடுகளில் பணம் கட்டும் வேளையில்தான் தெரியவருகிறது. ஆகவே, கருத்தடைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

பாலிசியின் 17, 18-ஆம் விலக்குகள்

ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்திலும் ‘விலக்குகள்’ என்றொரு பகுதி உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் இப்பகுதி வெவ்வேறாக இருந்து வாடிக்கையாளரைக் குழப்பியதால், ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் விலக்குகளின் வாசகத்தை ஒரே சீராக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண்ணையும் தந்தது.

அவற்றுள் 17-ஆம் எண்ணின் தலைப்பு ‘மலட்டுத்தன்மையும் கருவுறாமையும்’ என்பதாகும். ஐவிஎஃப் போன்ற செயற்கைக் கருத்தரிப்பு முறைகள், வாடகைத்தாய் முறை, கருத்தடை அறுவையை மீண்டும் சரிசெய்தல் ஆகியவற்றோடு, எவ்வகைக் கருத்தடைக்கான செலவும் கருத்தடை அறுவைக்கான செலவும் தரப்படமாட்டா என்று அது கூறுகிறது. கருத்தடையைத் தேடுபவர் ‘மலட்டுத்தன்மை’ என்ற தலைப்பின்கீழ்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பலர் இதனைக் கவனிக்காமல் விடுவதற்கு இத்தலைப்பும் ஒரு காரணம் எனலாம்.

அடுத்துள்ள 18-ஆம் எண் மகப்பேற்றுச் செலவு பற்றியது. பிரசவம், சிசேரியன், விபத்தால் அல்லாத கருச்சிதைவு, சட்டப்படியான கருக்கலைப்பு ஆகியன இதில் அடங்கும். மகப்பேற்றுப் பலனைச் சேர்த்து வழங்கும் பாலிசிகளில் இவ்விலக்கு தளர்த்தப்படுகிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் நீண்ட காத்திருப்புக் காலம் உண்டு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு குடும்பத்தின் நிலை தெளிவாகும். கருத்தடைக்குப் பாலிசி பணம் தராது. கருத்தடை பலிக்காமல் கரு உருவானால், மகப்பேற்றுப் பலன் இல்லாத பாலிசி பிரசவத்துக்கும் தராது. 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை பலிக்காமையை 20 வாரம் வரை கருக்கலைப்புக்குரிய காரணமாக ஏற்றுக்கொள்கிறது. திருமணமான பெண்ணுக்கு மட்டும் என்றிருந்த பழைய வரம்பையும் அது நீக்கியது. சட்டம் அனுமதித்தாலும், அதன் செலவும் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான விதிவிலக்கை நினைவில் கொள்ள வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடும் நிலைக்கு 18-ஆம் விலக்கு பொருந்தாது. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டவருக்கு அரிதாகக் கரு உருவாகும்போது, அது கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிற்றில் வலியும் இருந்தால், “நமக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே” என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அச்சிகிச்சையை மகப்பேற்றுச் செலவு என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இயலாது.

விலக்கியதன் காரணம் என்ன?

காப்பீடு என்பது எதிர்பாராத பெருஞ்செலவைப் பலர் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு. எப்போது வரும் என்று தெரியாத மாரடைப்புக்கும் விபத்துக்கும் அது பொருந்துகிறது. கருத்தடையோ தம்பதியர் தாமே முடிவு செய்து, திட்டமிட்டுச் செய்யும் சிறு செலவு. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீடு தந்தால், அத்தொகையும் அதைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகச் செலவும் பிரீமியமாகத் திரும்பி வரும். தேவைப்படுபவர்கள் மட்டுமே அப்பாலிசியை எடுத்தால் சுமை இன்னும் கூடும். காப்பீட்டுத் துறையினர் கூறும் இவ்வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மறுபக்க வாதமும் கணக்கின் அடிப்படையிலேயே எழுகிறது. ஒரு கருத்தடைச் சாதனத்தின் விலையையும் திட்டமிடாத ஒரு பிரசவத்தின் செலவையும் ஒப்பிட்டால், முன்னதற்குப் பணம் தருவதே நிறுவனத்துக்கு இலாபம். தடுப்பூசியையும் உடல்நலப் பரிசோதனையையும் தரும் பாலிசி இதை மட்டும் ஒதுக்குவது ஏன் என்றும் கேட்கலாம்.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 2012 ஆகஸ்டு முதல் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் பெண்களுக்கான கருத்தடை முறைகளைத் தனிக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சமய நம்பிக்கையுள்ள முதலாளிகள் இதனை எதிர்த்தனர். 2014-இல் ஹாபி லாபி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய சில நிறுவனங்களுக்கு விலக்களித்தது. அங்குப் பெரும்பாலோர்க்குக் காப்பீடு வேலைவழியே வருவதால்தான், யாருடைய மனச்சான்றுப்படி பணியாளரின் பாலிசி அமைய வேண்டும் என்ற வழக்கே எழுந்தது. பிரிட்டனில் 1974 முதல் தேசிய சுகாதாரச் சேவை கருத்தடையை இலவசமாகத் தருகிறது. அங்கே அக்கேள்வி எழவில்லை.

நம் நாடு பிரிட்டனின் வழியை ஒத்த வழியில் சென்றது. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. அரசு இலவசமாகத் தருவதைத் தனியார் பாலிசியும் ஏன் தர வேண்டும் என்பதே இங்கே வழக்கமான நினைப்பாயிற்று.

இலவசமாகக் கிடைப்பவை

நிரோத் ஆணுறை, மாலா-என் மாத்திரை, பத்தாண்டு வரை பயன்தரும் காப்பர்-டி 380ஏ, ஆண், பெண் கருத்தடை அறுவைகள் ஆகியன அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவை. 2017 முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளும் சாயா மாத்திரையும் இப்பட்டியலில் சேர்ந்தன. சாயா மாத்திரையில் உள்ள மருந்து லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறியப்பட்டது; அதில் ஹார்மோன் இல்லை.

எனினும் நம் மாநிலத்தில் நடைமுறை வேறாக இருக்கிறது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் மணவாழ்வில் உள்ள 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அகில இந்திய அளவில் இது ஏறத்தாழ 38 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 58. ஆண்கள் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

இதற்குப் பழக்கம், ஊர்ப் பேச்சு, மருத்துவமனையில் கிடைக்கும் ஆலோசனை எனக் காரணங்கள் பல. காப்பீட்டின் விலக்கு மட்டுமே காரணம் என்று கூறுவது மிகை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரந்தர முறை ஒருநாள் வேலை, இலவசமாகவே முடிந்துவிடுகிறது. தற்காலிக முறைக்கோ பல ஆண்டுகள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண் தனியார் கிளினிக்குக்குச் சென்றால் ஒவ்வொரு முறையும் கைப்பணம் செலவாகும். ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய். பிரீமியம் கட்டும் குடும்பத்துக்கும் இதில் உதவி இல்லை. எந்த முறை தனக்கு ஏற்றது என்பதைப் பெண்ணின் உடல்நிலை தீர்மானிக்க வேண்டிய இடத்தில், பணமும் ஓரளவு தீர்மானிக்கிறது.

காப்பீடு உண்மையாகவே இருக்கும் இடங்கள்

கருத்தடைக்கு நம் நாட்டில் காப்பீடே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நீதிமன்றங்களின் வழியாகவும் தொழிலாளர் சட்டங்களின் வழியாகவும் சில பாதுகாப்புகள் வந்துள்ளன. இவற்றை அறியாமலேயே பலர் இழந்துவிடுகின்றனர்.

முதலாவது, குடும்ப நல இழப்பீட்டுத் திட்டம். ஹரியானாவைச் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளிப் பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் ஒரு பக்கக் கருக்குழாயில் மட்டுமே அறுவை செய்யப்பட்டது. அவர் மீண்டும் கருவுற்றார். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அது கவனக்குறைவே என்று கூறி இழப்பீட்டை உறுதி செய்தது. ஆனால் சரியாகச் செய்த அறுவையும் சிலருக்குப் பலிக்காமல் போவதுண்டு. பெண் கருத்தடை அறுவையில் முதல் ஆண்டில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஐவருக்கு இவ்வாறு நேரலாம். 2005-இல் பஞ்சாப் வழக்கொன்றில், பலிக்காமை ஒன்றே மருத்துவரின் குற்றமாகாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகையோர்க்கு உதவ நல நிதியோ காப்பீடோ ஏற்படுத்துவது பற்றி அரசுகள் சிந்திக்க வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு மார்ச்சில் ராமகாந்த் ராய் வழக்கில், அறுவை செய்துகொள்வோர்க்குக் காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று அந்நீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. அதன் பயனாக 2005 நவம்பரில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடந்த இதனை, 2013 ஏப்ரல் முதல் மாநில அரசுகளே நேரடியாக நடத்துகின்றன.

2013-இல் வகுக்கப்பட்ட அளவின்படி, மருத்துவமனையிலோ வீடு திரும்பிய ஏழு நாளுக்குள்ளோ இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு ரூ.2 இலட்சம், 8 முதல் 30 நாளுக்குள் என்றால் ரூ.50,000, அறுவை பலிக்காவிட்டால் ரூ.30,000, 60 நாளுக்குள் தோன்றும் சிக்கலுக்கு உண்மைச் செலவில் ரூ.25,000 வரை என்று இருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டு, அதன் பின் 13 பெண்கள் இறந்தது நாட்டையே உலுக்கியது. 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முகாம் முறையையே மூன்றாண்டுகளில் கைவிட வேண்டும் என்றும், இழப்பீட்டைக் கணிசமாக உயர்த்தி, மத்திய மாநில அரசுகள் சமமாகப் பகிர வேண்டும் என்றும் கூறியது. எனவே இன்று நடப்பிலுள்ள தொகையை மருத்துவமனையிலோ மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலகத்திலோ கேட்டறிவது நல்லது.

இத்திட்டம் அரசு மருத்துவமனைக்கும் அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனைக்கும் மட்டுமே பொருந்தும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் கருத்தடைச் சான்றிதழும் இதன் உயிர்நாடி. ஆண் அறுவையில் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்த பின்னரே சான்றிதழ் தரப்படும். அதுவரை வேறு முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். பெண் அறுவைக்குக் கணவரின் ஒப்புதல் கையொப்பம் விதிப்படி கட்டாயமில்லை என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, இஎஸ்ஐ. திருப்பதி மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையிலும், மாவட்டத்தின் பிற ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவர். சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 விழுக்காடு தரும் இத்திட்டம், கருத்தடை அறுவைக்கு முழு ஊதியத்தையும் தருகிறது: பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள். சந்தா நாள்கள் குறைந்தபட்ச அளவை எட்டியிருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு காப்பீட்டுத் திட்டம் கருத்தடையை ஏற்று, படுக்கை நாளுக்கும் ஈடு தருவதற்கு இதுவே நல்ல சான்று.

மூன்றாவது, மகப்பேற்றுப் பலன் பற்றிய சட்டம். இதன் கீழ் வரும் பெண் பணியாளர் கருத்தடை அறுவை செய்துகொண்டால், சான்று காட்டி இரண்டு வார ஊதியத்துடன் கூடிய விடுப்புப் பெறலாம்.

நிறுவனம் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஒரு கம்பெனி தன் பணியாளரிடையே குடும்ப நலத்தை வளர்க்கச் செய்யும் நேர்மையான செலவைக் கழிவாக ஏற்றது. இன்றைய நிலையை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டறிந்து, பணியாளர்களின் குழுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது 17-ஆம் விலக்கைத் தளர்த்தக் கூடுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிப் பார்க்கலாம்.

சட்டம் கட்டாயமாக்க முடியுமா?

முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. மனநோய்ச் சிகிச்சையை ஒருகாலத்தில் பாலிசிகள் ஒதுக்கி வைத்திருந்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதித்தது. 2021-இன் வாடகைத்தாய்ச் சட்டம் வாடகைத் தாய்க்கு 36 மாதக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கருத்தடைக்கு இத்தகைய கட்டளை இன்று இல்லை. அதே வேளையில், 17-ஆம் விலக்கைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனங்களுக்கு இல்லை; விரும்பினால் அப்பலனை அவை தரலாம்.

எல்லாச் சிறு செலவையும் பாலிசியில் ஏற்றுவது பிரீமியத்தை உயர்த்தும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் பொருத்த வேண்டிய நீண்டகாலச் சாதனம், கருத்தடை அறுவை, அவற்றால் விளையும் சிக்கல் ஆகிய மூன்றையேனும் உள்ளே கொணர்வது நியாயமான தொடக்கமாக இருக்கும் என்பது நம் கருத்து. இவை மாதந்தோறும் வருபவை அல்ல, கணக்கிடக்கூடியவை, பயனோ பல ஆண்டு நீடிப்பது.

இப்போது நாம் செய்யக்கூடியவை

1. பாலிசியுடன் வரும் ‘வாடிக்கையாளர் தகவல் தாளை’ப் படியுங்கள். 2024 சனவரி முதல் இது எளிய வடிவில் தரப்படுகிறது. கேட்டால் வட்டார மொழியிலும் பெறலாம். தமிழில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள், பொருந்தாவிட்டால் திருப்பித் தரும் உரிமையும் உண்டு. எங்கள் கிளை வழியே எடுத்த பாலிசிக்கும் இது பொருந்தும்.

2. பிரசவத்தோடு கருத்தடை அறுவையும் செய்ய எண்ணினால், அறுவைக்கெனத் தனியே காட்டப்படும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கழிக்கக்கூடும். முன்கூட்டியே எழுத்தில் விளக்கம் பெறுங்கள்.

3. மிகுந்த உதிரப்போக்கு போன்ற நோய்க்குச் சிகிச்சையாக மருத்துவர் ஹார்மோன் சாதனம் பொருத்தினால், நோயின் பெயரும் சிகிச்சையின் நோக்கமும் மருத்துவக் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். கருத்தடை என்று மட்டும் எழுதினால் 17-ஆம் விலக்கு குறுக்கே வரும்.

4. ஒப்புதல் படிவத்தின் நகல், சான்றிதழ், டிஸ்சார்ஜ் குறிப்பு ஆகியவற்றைப் பாலிசிப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். சித்தூரிலிருந்து வேலூருக்குச் சென்று சிகிச்சை பெறுவோர்க்கு இது இன்னும் அவசியம். இழப்பீட்டுக்கான ஆவணங்கள் அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்தே தொடங்கும்.

5. குடும்பம் முழுமைக்குமான பாலிசியில், கோரிக்கை பற்றிய தகவல்கள் பாலிசி எடுத்தவரின் கைபேசிக்கே செல்லும். இதில் அந்தரங்கம் காக்க விரும்பும் பெண், தன் பெயரில் சேமிப்புக் கணக்கும் சிறு தொடர் வைப்பும் வைத்துக்கொள்ளலாம். மாதம் ரூ.300 வீதம் ஓராண்டில் ரூ.3,600 சேரும், பாலிசி தராத சிறு செலவுகளுக்கு இதுவே அவருடைய காப்பீடு.

6. உரிய தொகை மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஐதராபாத்தில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

எத்தனை குழந்தை, எப்போது என்பது கணவனும் மனைவியும் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அப்பேச்சில் பணத்தின் பங்கு எவ்வளவு என்பதும் இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்று மாலை பாலிசிப் பத்திரத்தை எடுத்து, 17, 18 என்ற இரு எண்களைத் தேடிப் படியுங்கள். புரியாத வரி இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.